டப்ளின் முதல் மியூனிக் வரை: பெண்களுக்குப் பீர் பரிமாறும் விதம்

டப்ளினின் பழைய பப்களில் தெருக்கதவை ஒட்டியே ஒரு சிறிய அறை உண்டு. அதை ஸ்னக் என்பார்கள். நாலைந்து பேர் நெருங்கி உட்காரும் அளவுதான் இடம். மரத்தடுப்புக்கு மேல் உள்ளே தெரியாதபடி மங்கலாக்கிய கண்ணாடி, கதவுக்கு உட்புறத் தாழ்ப்பாள், கவுண்டர் பக்கம் கோப்பை நுழையும் அளவுக்கு ஒரு சிறு சன்னல். பொதுக்கூடத்தில் ஆண்கள் மட்டும் நின்று குடித்த காலத்தில் பெண்கள் இந்த அறைக்குள் நுழைந்து, சன்னல் வழியே பீர் வாங்கிக் குடித்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் வெளியேறினார்கள். ஊரார் பார்வைக்கு அஞ்சிய பாதிரியாரும் போலீஸ்காரரும்கூட இதையே நாடினார்கள். பேகட் தெருவின் டோனர்ஸ், சவுத் ஆன் தெருவின் கியோஸ் ஆகிய பப்களில் இந்த அறை இன்றும் பேணப்படுகிறது. இப்போது அதில் இடம்பிடிக்க மாலை வேளைகளில் ஆணும் பெண்ணும் போட்டி போடுகிறார்கள்.

பீர் குடிக்கும் பெண்ணை ஒரு கடை எப்படி நடத்தலாம், எப்படி நடத்தக் கூடாது என்பதைப் பார்க்க, இந்த அறையில் தொடங்கி லண்டன், பிரஸ்ஸல்ஸ், கொலோன் வழியாக மியூனிக் வரை செல்லும் பாதை மிகவும் ஏற்றது. ஒரு கடலைக் கப்பலில் கடந்தால் போதும், மற்றதெல்லாம் ரயில். வழியிலுள்ள ஒவ்வோர் ஊரும் ஏதோ ஒரு சிக்கலைத் தன் பாணியில் தீர்த்து வைத்திருக்கிறது.

அயர்லாந்தில் 1970களில்கூடப் பல பப்கள் பெண்களுக்கு முழு பைண்ட் ஊற்றித் தர மறுத்தன. பைண்ட் என்பது 568 மில்லி. பெண் கேட்டால் அதில் பாதிதான் கிடைக்கும். பத்திரிகையாளர் நெல் மெக்காஃபர்ட்டி, அயர்லாந்துப் பெண்கள் விடுதலை இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவரும் தோழியருமாகச் சுமார் 30 பேர் ஒரு டப்ளின் பப்புக்குள் சென்று முதலில் 30 பிராந்தி கேட்டார்கள். எல்லாம் ஊற்றி வைக்கப்பட்ட பிறகு ஒரே ஒரு பைண்ட் கின்னஸ் கேட்டார்கள். கடைக்காரர் மறுத்தார். கேட்டதை முழுதாகத் தராத கடைக்குப் பணம் தர வேண்டியதில்லை என்று சொல்லி, பிராந்தியைக் குடித்துவிட்டு வெளியேறினார்கள். 2000ஆம் ஆண்டின் சம அந்தஸ்துச் சட்டம், பாலினம் உள்ளிட்ட ஒன்பது காரணங்களில் எதைக் காட்டியும் வாடிக்கையாளருக்குச் சேவையை மறுக்கக் கூடாது என்று விதித்தது. அதன்பின் வெளிப்படையான மறுப்புக்கு இடமில்லாமல் போனது.

சட்டம் எட்டாத இடம் மேசை. ஓர் ஆணும் பெண்ணும் ஒரு முழு பைண்டும் ஓர் அரை பைண்டும் கேட்டால், எது யாருக்கு என்று கேட்காமலே பெரிய கோப்பை ஆணின் முன்னால் வைக்கப்படுகிறது. கறுப்பு ஸ்டௌட் ஆணிடமும் பழச்சுவைப் பீர் பெண்ணிடமும் போகின்றன. இருவரும் மௌனமாகக் கோப்பைகளை மாற்றிக்கொள்கிறார்கள். பார்ப்பதற்கு இது அற்பமாகத் தெரியலாம். ஆனால் ஒவ்வொரு முறை வெளியே செல்லும்போதும் இது நேரும் பெண்ணுக்கு, இந்த இடம் தன்னை எதிர்பார்க்கவில்லை என்ற செய்திதான் போய்ச் சேருகிறது. நல்ல உணவகங்களில் எந்த இருக்கைக்கு எந்தத் தட்டு என்று குறித்துக்கொண்டு பரிமாறும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அதே குறிப்பைப் பீருக்கும் எழுதினால் காசு செலவில்லாமல் இந்த அவமதிப்பு ஒழியும். கணக்குச் சீட்டையும், ருசி பார்க்க ஊற்றும் முதல் மடக்கையும் வழக்கமாக ஆணிடமே நீட்டும் பழக்கத்துக்கும் மருந்து இதுவே.

டப்ளின் துறைமுகத்திலிருந்து வேல்ஸின் ஹோலிஹெட்டுக்குக் கப்பல் பயணம் மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அங்கிருந்து வடகடலோரமாகச் செல்லும் ரயில் பாதை இங்கிலாந்துக்குள் நுழைந்து லண்டனை அடைகிறது.

விக்டோரியா காலத்து லண்டன் பப் பல அறைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. உழைப்பாளிகளுக்கு ஓர் அறை, வசதியுள்ளவர்களுக்கு ஓர் அறை, தனிமை வேண்டுவோருக்கு ஓர் அறை. புளூம்ஸ்பரி பகுதியின் ‘தி லேம்ப்’ பப்பில் கவுண்டருக்கு மேல் கண்மட்டத்தில் சுழலும் சிறு கண்ணாடித் தட்டிகள் இன்றும் உள்ளன. குடிப்பவர் முகத்தை மறுபக்கத்துக்குக் காட்டாமல் மறைக்கவே அவை வைக்கப்பட்டன. டப்ளினின் ஸ்னக்குக்கும் இந்தத் தட்டிக்கும் நோக்கம் ஒன்றுதான்.

மறைவிடத்தை விட்டுக் கவுண்டருக்கு வரும் உரிமை, லண்டனில் நீதிமன்றப் படியேறித்தான் கிடைத்தது. ஃபிளீட் தெருவில் பத்திரிகையாளர்களும் வழக்கறிஞர்களும் கூடிய எல் வீனோ என்ற ஒயின் பாரில், பெண்கள் கவுண்டரில் நின்று குடிக்க அனுமதி இருக்கவில்லை. பின்னறையில் மேசையில் உட்கார்ந்தால்தான் பரிமாறுவார்கள். வழக்கறிஞர் டெஸ் கில், பத்திரிகையாளர் அன்னா கூட் இருவரும் 1975ஆம் ஆண்டின் பாலினப் பாகுபாட்டுச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்து, 1982இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். அங்கே கவுண்டரைச் சுற்றித்தான் செய்தித் தொழிலின் பேச்சு நடந்தது. அதிலிருந்து பெண்ணை விலக்குவது அவளுக்குக் குறைந்த வசதியைத் தருவதே என்று நீதிமன்றம் கண்டது. அந்தக் கடையில் ஓடியது ஒயின்தான் என்றாலும், தீர்ப்பு நாட்டின் எல்லாக் கவுண்டர்களுக்கும் பொருந்தியது.

தனியாக வரும் பெண்ணுக்குக் கவுண்டர் மிக நல்ல இடம் என்பதை விடுதி நடத்துவோர் பலர் இன்னும் உணரவில்லை. ஊழியரின் கண்பார்வைக்குள் இருக்கலாம். தன் கோப்பை நிரப்பப்படுவதைத் தானே பார்க்கலாம். பேச விருப்பமிருந்தால் பேசலாம். இதற்குத் தேவை முதுகு சாயும் உயர நாற்காலி, கால் வைக்கக் கம்பி, பலகைக்கு அடியில் கைப்பை மாட்ட ஒரு கொக்கி. கொக்கி இல்லாத கடையில் பை ஈரத்தரையிலோ மடியிலோதான் இருக்க வேண்டும். கழிப்பறைக் கதவோரம் ஒண்டியாகக் கிடக்கும் இருவர் மேசையைத் தனியாக வந்த பெண்ணுக்கு ஒதுக்கும் உணவகங்கள், 1982க்கு முந்தைய பின்னறையை வேறு வடிவில் நடத்துகின்றன.

கவுண்டரை எட்டுவதற்கு முன் கதவைத் தள்ள வேண்டுமே. பழைய பப்பின் பித்தளைக் கைப்பிடிக் கதவும் மங்கல் கண்ணாடியும், உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதைக் காட்டாமல் மறைத்தன. 1994இல் லண்டனின் தெற்கே சட்டனில் திறக்கப்பட்ட ‘ஆல் பார் ஒன்’ கடை இதை மாற்றியது. பாஸ் மதுக் குழுமம் பெண்களை மனத்தில் வைத்தே அதை வடிவமைத்தது. தெருவிலிருந்து முழுக் கூடமும் தெரியும் பெரிய தெளிந்த சன்னல்கள், நல்ல வெளிச்சம், மேசைக்கு உணவு. உள்ளே தன்னைப் போன்ற பெண்கள் இருக்கிறார்களா, இருக்கை காலியாக உள்ளதா என்பதைத் தெருவில் நின்றே பார்த்துவிட்டு நுழையலாம். இந்த ஒரு மாற்றம் பிரிட்டன் முழுவதும் பின்பற்றப்பட்டது. பெண்களுக்காகப் பீர்க்கடைகள் செய்த மாற்றங்களில் இதைவிடப் பயனுள்ள ஒன்றைக் காட்டுவது கடினம்.

பெரிய ஆலைகளோ சன்னலை விட்டுவிட்டுப் பீரையே மாற்றப் பார்த்தன. மோல்சன் கூர்ஸ் நிறுவனம் 2011இல் ‘அனிமே’ என்ற பெயரில் பெண்களுக்கென்று ஒரு பீரைப் பிரிட்டனில் இறக்கியது. தெளிந்த வகை, ரோஜா நிற வகை, எலுமிச்சை வகை என மூன்று. மறு ஆண்டே விற்பனையிலிருந்து அதைத் திரும்பப் பெற்றது. இந்தத் தோல்வியில் வியப்பில்லை. ஏற்கெனவே பீரை விரும்பும் பெண்ணுக்கு நீர்த்த பீர் வேண்டாம். விரும்பாத பெண்ணுக்கோ நிறம் மாற்றினாலும் அது பீர்தான்.

உண்மைத் தடை எங்கே என்பதைப் பீர்த் துறைப் பெண்களின் குழுவான டீ லாட்டிஸ் 2018இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. யூகவ் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பைக் கொண்ட அந்த அறிக்கையின்படி, பிரிட்டனில் வாரம் ஒருமுறையாவது பீர் குடிக்கும் ஆண்கள் 53 விழுக்காடு, பெண்கள் 17 விழுக்காடு. தடைகளில் முதலாவதாகப் பெண்கள் சொன்னது ஆண்களை நோக்கிய விளம்பரத்தை. 27 விழுக்காட்டினர் அதைக் குறிப்பிட்டார்கள். குழாய்க் கைப்பிடியின் வில்லையில் அரைகுறை ஆடைப் பெண் படமும் இரட்டை அர்த்தப் பெயரும் இருந்தால், அதைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டிய பெண் என்ன செய்வாள்? அசல் ஏல் பிரச்சாரக் குழுவான காம்ரா 2019இல் லண்டன் ஒலிம்பியா அரங்கில் நடத்திய பிரிட்டிஷ் பீர்த் திருவிழாவில், இழிவான பெயரோ படமோ உள்ள பீர்களுக்கு இடமில்லை என்று அறிவித்தது. ஒரு பப் உரிமையாளருக்கும் அதே அதிகாரம் உண்டு. எந்தப் பீரைக் குழாயில் ஏற்றுவது என்பது அவர் கையில்தான் இருக்கிறது.

கோப்பை அளவிலும் பிரிட்டனில் தெரிவு உண்டு. பைண்ட், அரை பைண்ட், மூன்றில் ஒரு பங்கு ஆகியவற்றோடு மூன்றில் இரண்டு பங்கு அளவையும் 2011இல் சட்டம் அனுமதித்தது. மூன்றில் ஒரு பங்கு என்பது 189 மில்லி. சிறு மரப்பலகையில் இந்த அளவில் மூன்று பீர்களை வரிசையாக வைத்துத் தரும் பப்களில், அறியாத பீரைப் பயமின்றிப் பழகலாம். ஒரு முழு பைண்டை வாங்கி, பிடிக்காமல் பாதியில் விட்டுவிட்டுப் போகும் வாடிக்கையாளர் மறுபடி ஒயினுக்கே திரும்புகிறார். கேட்டவருக்கு ஒரு மடக்கு ருசி பார்க்க ஊற்றித் தருவதும் இதற்காகவே.

கழிப்பறை பற்றி விடுதித் துறை பேசவே கூசுகிறது. பெண்கள் அதைத்தான் முதலில் பேசுகிறார்கள். ஆண்களுக்காகக் கட்டப்பட்ட பழைய பப்களில் பெண்கள் கழிப்பறை பின்னாளில் கிடைத்த மூலையில் செருகப்பட்டது: குறுகலான மாடிப்படிக்கு மேலே, அல்லது நிலவறையில், ஒன்றோ இரண்டோ. பூட்டும் தாழ்ப்பாள், பை மாட்டும் கொக்கி, மூடியுள்ள குப்பைத்தொட்டி, சோப்பு, எரியும் விளக்கு, இருட்டு நடைவழி இல்லாத பாதை. இந்த ஆறும் இருந்தால் பெண்கள் இன்னும் ஒரு மணி நேரம் உட்காருவார்கள். இல்லையென்றால் முதல் கோப்பையோடு எழுந்துவிடுவார்கள்.

அந்தக் கழிப்பறைக் கதவுகளில் ஒட்டப்பட்டிருக்கும் ஒரு சுவரொட்டி 2016இல் லிங்கன்ஷயரில் பிறந்தது. தொல்லைக்கு உள்ளான பெண் கவுண்டருக்கு வந்து ‘ஏஞ்சலா’வைக் கேட்டால் போதும். ஊழியர் அவளைத் தனியே அழைத்துச் சென்று, டாக்சி வரவழைத்தோ நண்பரை அழைத்தோ பத்திரமாக அனுப்பிவைக்க வேண்டும். லண்டன் காவல் துறையும் இதை ஏற்றது. ஆனால் 2024இல் பிபிசி லண்டன் விடுதிகள் சிலவற்றில் சோதித்துப் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்டவற்றில் அந்தப் பெயரைச் சொன்னது எதற்கென்று ஊழியருக்குப் புரியவில்லை. உதவி உண்டு என்று எழுதி வைத்துவிட்டு, கேட்டு வந்தவளைத் திகைத்துப் பார்ப்பது பெரும் குற்றம். புதிதாகச் சேரும் ஊழியருக்குப் பீர் ஊற்றக் கற்றுத் தரும் முதல் நாளிலேயே இதையும் கற்றுத் தர வேண்டும்.

லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்திலிருந்து கடலடிச் சுரங்கம் வழியாகப் பிரஸ்ஸல்ஸ் செல்லச் சுமார் இரண்டு மணி நேரம். இதே வழியில், எதிர்த்திசையில், இடைக்காலத்தின் பிற்பகுதியில் ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ சேர்த்த பீர் தாழ்நாடுகளிலிருந்து இங்கிலாந்துக்குள் வந்தது. அதற்கு முன் இங்கிலாந்தின் ஏல் பெரும்பாலும் பெண்கள் வீட்டில் காய்ச்சி விற்றதுதான். ஹாப்ஸ் சேர்த்தது நெடுநாள் கெடாமல் நின்றதால் பெரிய அளவில் காய்ச்சித் தொலைவுக்கு அனுப்ப முடிந்தது. அதற்கு முதலீடும் சங்கங்களும் தேவைப்பட்டன. தொழில் ஆண்கள் கைக்குப் போனது. பீர் என்றாலே ஆண்களின் பானம் என்ற எண்ணத்தின் வயது, பீரின் வயதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ 2016இல் மானுடத்தின் அருவ மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பண்பாட்டில் பெண்களுக்குப் பயன்படும் கூறு, மேசைக்கு வரும் பட்டியல். ‘ஆ லா மோர் சுபீத்’ போன்ற பழைய பிரஸ்ஸல்ஸ் கஃபேக்களில் கவுண்டரில் முட்டிமோத வேண்டியதில்லை. உட்கார்ந்த இடத்துக்கு ஊழியர் வருவார். பட்டியலில் பீரின் பெயர், ஆலை, வகை, ஆல்கஹால் விழுக்காடு எல்லாம் அச்சிட்டிருக்கும். ஒவ்வொரு பீருக்கும் தனி வடிவக் கோப்பை. அதை யார் கேட்டாலும் அதே கோப்பைதான். வெஸ்ட்மாலின் ட்ரிப்பல் 9.5 விழுக்காடு, அதைக் கேட்கும் பெண்ணிடம் ‘இது கொஞ்சம் கடுமையாக இருக்குமே’ என்று யாரும் இழுப்பதில்லை. செர்ரிப் பழம் ஊறிய க்ரீக் பீர் பெண்களுக்கென்று பிறந்ததும் அல்ல. மிடி ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில், 1900இல் தொடங்கிய காண்டியோன் ஆலை செய்யும் க்ரீக் சர்க்கரை இனிப்பற்றது. நாக்கைச் சுண்டும் புளிப்பு. அதை மேசைக்கு மேசை ஆண்களும் விரும்பிக் குடிக்கிறார்கள்.

விழுக்காட்டை அச்சிடுவது வெறும் சடங்காகாது. ஒரே அளவு ஆல்கஹாலைக் குடித்தாலும், உடலில் நீரின் பங்கு குறைவாக இருப்பதால் பெண்ணின் இரத்தத்தில் அதன் செறிவு பொதுவாகக் கூடுதலாக ஏறும். மார்பகப் புற்றுநோய்க்கான ஆபத்தையும் ஆல்கஹால் கூட்டுகிறது. ஆகவே பெண்களுக்கு நன்றாகப் பரிமாறுவது என்றால் கூடுதலாகக் குடிக்க வைப்பது என்று எந்தக் கடையும் பொருள் கொள்ளக் கூடாது. தான் என்ன குடிக்கிறோம், எவ்வளவு என்பதைக் குடிப்பவர் அறிந்து தீர்மானிக்க வழிசெய்வதுதான் கடையின் கடமை.

உணவகங்களுக்கும் பிரஸ்ஸல்ஸில் பாடம் உண்டு. பீரில் வேகவைத்த மாட்டிறைச்சி, சிப்பி, கடுகுக் குழம்பு தொட்ட பாலாடைக்கட்டித் துண்டுகள் ஆகியவற்றோடு எந்தப் பீர் சேரும் என்று ஊழியர் சொல்கிறார். ஒயினைப் பற்றிப் பெண்ணிடமும் பீரைப் பற்றி ஆணிடமும் பேசும் உணவகங்கள், முக்கால் லிட்டர் பீர்ப் புட்டியை ஒயின் போலவே மேசை நடுவில் வைத்து இருவருக்கும் ஊற்றும் இந்த வழக்கத்தைப் பார்க்கலாம்.

பிரஸ்ஸல்ஸிலிருந்து கொலோன் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பேராலயம். அதன் நிழலிலேயே பீர்ச்சாலைகள். கோப்பை அளவைப் பற்றிய சச்சரவு இந்த ஊரில் எழவே இல்லை. கோல்ஷ் பீர் எல்லோருக்கும் 0.2 லிட்டர் கொள்ளும் ஒல்லியான கோப்பையில்தான் வருகிறது. தோள் புடைத்த கட்டடத் தொழிலாளியும் கல்லூரிப் பெண்ணும் ஒரே கோப்பையைப் பிடித்திருக்கிறார்கள். சிறிய கோப்பை என்பதால் பீர் சூடேறுவதற்குள் தீர்ந்துவிடும்; நுரையும் அடங்காது.

1883 முதல் ஃப்ரீசன் தெருவில் இயங்கும் பேஃப்கன் போன்ற சாலைகளில், கோபெஸ் எனப்படும் பரிமாறுபவர் வட்டத் தட்டில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு மேசைகளைச் சுற்றி வருவார். காலிக் கோப்பையைக் கண்டால் கேளாமலே புதியதை வைத்து, அட்டையில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். போதும் என்றால் அட்டையைக் கோப்பையின் மேல் வைத்து மூடினால் சரி. அதன்பின் யாரும் வற்புறுத்துவதில்லை, காரணம் கேட்பதுமில்லை. எத்தனை குடித்தோம் என்பதைக் கோடுகள் காட்டுகின்றன. நிறுத்தும் அதிகாரம் குடிப்பவர் கையில் இருக்கிறது. கோபெஸின் பேச்சு முரட்டுத்தனமானது என்று பெயர் பெற்றது. அந்த முரட்டுப் பேச்சில் ஆண், பெண் வேறுபாடு கிடையாது. மரபாக ஆண்களே செய்த இந்த வேலையில் இப்போது பெண்களும் இருக்கிறார்கள்.

அதே பேராலயச் சதுக்கத்தில் 2015 டிசம்பர் 31 இரவு நூற்றுக்கணக்கான பெண்கள் தாக்குதலுக்கும் சீண்டலுக்கும் ஆளானார்கள். அதன்பின் நகரில் உருவான ‘எடல்கார்ட்’ முயற்சியில் கடைகளும் விடுதிகளும் சேர்ந்து, வாசலில் அடையாளம் ஒட்டி, துரத்தப்படும் பெண் உள்ளே வந்து ஒதுங்கலாம் என்று அறிவிக்கின்றன. குடிக்க வராத பெண்ணுக்கும் கதவைத் திறந்து வைப்பது, ஒரு விடுதி தன் தெருவுக்குச் செய்யக்கூடிய பேருதவி. இதே மாநிலத்தின் மியூன்ஸ்டர் நகரில் 2016இல் தொடங்கிய ‘லூயிசா இங்கே இருக்கிறாரா?’ என்ற திட்டம், இங்கிலாந்தின் ஏஞ்சலாவுக்கு ஜெர்மன் சகோதரி.

கொலோனின் ரைன் கரையை விட்டுத் தென்கிழக்கே நாலரை மணி நேர ரயிலில் மியூனிக். இங்கே பீரின் முகமே வேறு. கஷ்கொட்டை மரங்களுக்கு அடியில் நீண்ட பலகை மேசைகள். குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள். பாட்டிமார் வீட்டிலிருந்து கட்டி வந்த ரொட்டியையும் முள்ளங்கியையும் பிரிக்கிறார்கள். பீர்த் தோட்டத்துக்குச் சொந்த உணவைக் கொண்டுவரும் வழக்கத்தைப் பவேரியாவின் 1999ஆம் ஆண்டு ஆணை அங்கீகரிக்கிறது. அதன் வேர் 1812இல் மன்னர் முதலாம் மாக்ஸிமிலியன் காலத்தில் இருக்கிறது. வெட்டவெளி, பகல் வெளிச்சம், குடும்பங்கள், உணவு, யாரும் யாரோடும் பங்கிட்டு உட்காரும் மேசை ஆகியவை சேர்ந்த இடத்தில், லிட்டர்க் கோப்பையைத் தூக்கும் பெண்ணை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பீரும் எலுமிச்சைச் சோடாவும் கலந்த ராட்லரை ஆண்களும் தயக்கமின்றிக் கேட்கிறார்கள். ஆல்கஹால் இல்லாத கோதுமைப் பீரும் அதே உயரக் கோப்பையில், அதே நுரையோடு வருகிறது. கர்ப்பிணியாகவோ, காரோட்ட வேண்டியவராகவோ, அன்று குடிக்க மனமில்லாதவராகவோ இருக்கும் பெண், யாருக்கும் விளக்கம் சொல்லாமல் கூட்டத்தோடு அமரலாம். மற்ற நாட்டு விடுதிகள் உடனே கைக்கொள்ளக்கூடிய வழக்கம் இது.

அக்டோபர்ஃபெஸ்ட் திருவிழாவில் நிலைமை மாறுகிறது. 2023இல் சுமார் 72 லட்சம் பேர் வந்த விழா அது. பெரிய கூடாரங்களில் பெரும்பாலும் ஒரு லிட்டர் கோப்பைதான். கொலோனின் நிதானத்துக்கு வழியில்லை. கழிப்பறைக்கு நீண்ட வரிசை. இரவில் தொடுதலும் துரத்தலும். இதற்கு எதிராக 2003 முதல் மூன்று பெண்கள் நல அமைப்புகள் சேர்ந்து ‘பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் பாதுகாப்பான வீசன்’ என்ற திட்டத்தை நடத்திவருகின்றன. வீசன் என்பது விழா நடக்கும் தெரேசியன்வீசத் திடலுக்கு மக்கள் வைத்த செல்லப் பெயர். திடலின் சேவை மையத்தில் மாலை முதல் நள்ளிரவு கடந்தும் பெண் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். கூட்டத்தில் தோழிகளைத் தவறவிட்டவர், தங்குமிடத்தின் முகவரியை மறந்தவர், கைபேசியில் மின்சாரம் தீர்ந்தவர், தாக்கப்பட்டவர் என எவரும் வரலாம். அமரவைத்து, தேவையெனில் மருத்துவரையோ காவலரையோ அழைத்து, வீடு சேரும்வரை பொறுப்பேற்கிறார்கள். கட்டணம் இல்லை. எவ்வளவு குடித்தாய், என்ன உடுத்தியிருந்தாய் என்ற விசாரணையும் இல்லை.

விழா செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் தொடக்கத்தில் முடியும். அங்கே செல்லும் பெண்கள், ஷாட்டன்ஹாமல் கூடாரத்துக்கு அருகே உள்ள அந்தச் சேவை மையத்தைப் பகலிலேயே ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.